டவர் மூடிய பழைய பாதை

மூன்று நாட்களாகத் தன் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்பதை டவர் கவனித்திருந்தான். கவனித்துவிட்டுச் சந்தோஷப்பட்டான். கடன் வேண்டுமா என்று தேனொழுகக் கேட்கும் வங்கிப் பெண் இல்லை, காப்பீட்டுக்காரன் இல்லை, தப்பான எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டு நம்மையே யார் என்று அதட்டுகிற ஆளும் இல்லை. "மனுஷனுக்கு நிம்மதின்னா இதுதான்," என்று மனைவியிடம் சொல்லவும் சொன்னான். அந்த நிம்மதியை நினைத்தாலே பிற்பாடு அவனுக்கு உடம்பு நடுங்கும்.

டவர் என்பது தெரு வைத்த பெயர். ஆள் ஒல்லி, ஆறடிக்கு மேலே உயரம், வாயைத் திறந்தால் டவரைப் பற்றித்தான் பேச்சு. எந்த மொட்டை மாடியில் எந்தக் கம்பெனியின் டவர், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, எத்தனை மணிக்கு மேல் நெரிசல் என்று யாரும் கேட்காமலே சொல்லுவான். நாற்பத்திரண்டு வயதில் அந்தப் பெயர் கடைப் பலகையிலேயே ஏறிவிட்டது. சலவைக் கடைக்கும் ஒரு மாடிப்படிக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டு இருக்கிற கடை அது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கண்ணாடி மேஜை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, உருப்பெருக்கி விளக்கு, டப்பா டப்பாவாக எள்ளளவு திருகாணிகள். மேஜையின் ஓரத்தில் கடைக்கென்று ஒரு பழைய பட்டன் போன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதற்குத்தான் கூப்பிடுவார்கள்.

சுபாவத்தில் டவர் சரியான பயந்தாங்கொள்ளி. கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பான், தெருமுனை வரை போய்விட்டு நாலாவது தடவைக்குத் திரும்பி வருவான். நாய்க்குப் பயம். ஊசிக்குப் பயம். டவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் எந்த மொட்டை மாடியிலும் கைப்பிடிச் சுவர் பக்கம் போனது கிடையாது. போனிடம் மட்டும் அவனுக்குப் பயமே இல்லை. மற்ற கடைக்காரர்கள் தொடவே யோசிக்கிற புத்தம் புதுப் போனை வாங்கி, கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு வேறொன்றை ஏற்றும்போதுகூட அவன் கை நடுங்கியதில்லை.

ஊரில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேகம். படம் நின்று நின்று ஓடுகிறது, வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு அவன் செய்கிற வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். போனுக்கு இரண்டு பாதைகள் என்பான். ஒன்று புதுப் பாதை, அகலமானது, வேகமானது. இன்னொன்று பழைய பாதை, குறுகலானது. புதுப் பாதையில் சிக்னல் கொஞ்சம் சுணங்கினால் போதும், போன் பழைய பாதைக்கு ஓடிவிடும்.

"உங்க போன் சோம்பேறி சார். சின்ன சந்து கண்ட இடத்துல எல்லாம் பூந்துக்குது. நான் சந்து வாயையே அடைச்சு விட்டுடறேன், அப்புறம் எங்க ஓடும்?"

ரகசிய எண் போட்டால் திறக்கிற ஒரு பக்கம் போனுக்குள் உண்டு. அங்கே போய்ப் பழைய பாதையை மூடிவிடுவான். அதற்குப் பிறகு நம் பேச்சும் புதுப் பாதையிலேயே வந்தாக வேண்டும். அதற்கென்று அமைப்புகளுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, பட்டன் போனிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டு, மணி அடிப்பதைக் காதால் கேட்ட பிறகுதான் போனைத் திருப்பிக் கொடுப்பான்.

அப்டேட் விஷயத்திலும் அவனுக்கு ஒரு நியமம் உண்டு. அப்டேட் வந்த அன்றைக்கே யாரும் தொடக்கூடாது. பத்து நாள் போக வேண்டும். பத்து நாள் கழித்து முதலில் அவன் தன் சொந்தப் போனில் போட்டுப் பார்ப்பான். தன் கைவேலை கலையாமல் இருந்தால், வாடிக்கையாளர் குழுவில் ஒரு வார்த்தை எழுதுவான். அறுபத்துமூன்று பேர் அந்த வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் போட்டான், வேகத்தை அளந்தான், முன்னால் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு காட்டியது. முகமெல்லாம் பல்லாகக் குழுவில் எழுதினான்: "போடலாம். பறக்குது."

அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களில் முதல் ஆள் அவன் அக்கா.

அக்காவுக்கு ஐம்பது வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கணவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலி. தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று ஊசிக்குப் பயந்த டவரே போய் எட்டுச் சோதனைக்குக் கையை நீட்டினான். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நீட்டினான். ஒத்துவராது என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதான்.

வேறு வழியில்லாமல் அக்காவின் பெயர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஏறியது. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய சிறுநீரகம் வரும்போது கூப்பிடுவார்கள். பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அம்மாளை அக்காவும் தம்பியும் 'லிஸ்ட் மேடம்' என்பார்கள். அவர் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு நம்பர் குடுங்க. ஒவ்வொரு நம்பருக்கும் மூணு தடவை கூப்பிடுவோம். அரை மணி நேரம் பாப்போம். அதுக்குமேல வெச்சிருக்க முடியாது, அடுத்தவங்களுக்குப் போயிடும்."

ஒரு நம்பர் அக்காவுடையது. இன்னொன்று டவருடைய சொந்த நம்பர். நாலு வருஷமாக அக்கா குளிக்கப் போனாலும் போனைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

சிறுநீரகம் கொடுக்க முடியாத தம்பி, தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். டயாலிசிஸில் இருக்கிற நாலு மணி நேரமும் அவள் போனில் தொடர் பார்ப்பாள். ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் படம் திக்கித் திணறும். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் போனை வாங்கி, அதிலும் பழைய பாதையை மூடிக் கொடுத்தான். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்காருகிற பெண்ணிடம் பீற்றிக்கொண்டாளாம், என் தம்பி கை வெச்சா போன் பேசாம ஓடும் என்று. அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயது. அவளுக்கும் அக்காவுக்கும் ஒரே வகை ரத்தம். "அக்கா, நீங்க சீக்கிரம் வாங்கிட்டு நகருங்க. உங்க பின்னாடியே நின்னு எனக்குக் கால் வலிக்குது," என்று அவள் கேலி செய்வாளாம்.

டேட்டா வீணாகக்கூடாது என்று அக்கா டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போது மட்டும்தான் அதை ஆன் செய்வாள். அப்போது தம்பிக்குக் குரல் செய்தி அனுப்புவாள். செவ்வாய்க்கிழமையும் அனுப்பினாள்: "நீ போடலாம்னு எழுதியிருந்தியே, போட்டுட்டேன்டா தம்பி. இப்ப இன்னும் பறக்குது."

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடைக்கு ஒரு பிளம்பர் வந்தார். பழைய வாடிக்கையாளர். போன் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, மேலே ஒட்டுகிற கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார். உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டார்.

"தொழிலே படுத்துடுச்சு டவர். மூணு நாளா இந்த ஊர்ல ஒரு குழாய்கூட ஒழுகல போலிருக்கு. ஒரு போன் வரணுமே."

"ஊர் திருந்திடுச்சோ என்னவோ," என்றான் டவர், பழைய கண்ணாடியை நகத்தால் நெம்பிக்கொண்டே.

"கிண்டல் பண்ணாதீங்க. என் பொண்டாட்டியே கேக்கறா, மத்தியானம் கூப்பிட்டா எங்கயோ எல்லைக்கு வெளிய இருக்கன்னு சொல்லுது, எங்க போய்ச் சுத்தறன்னு. வீட்டுலயும் திண்டாட்டமா இருக்கு."

டவரின் நகம் நின்றது. பட்டன் போனை எடுத்து பிளம்பரின் எண்ணை அழுத்தினான். பிளம்பரின் போன் மேஜையில் அவன் கண் முன்னால், முழு சிக்னலோடு, சாதுவாகப் படுத்திருந்தது. அடிக்கவில்லை. பட்டன் போனில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

அமைப்புகளைத் திறந்து பார்த்தான். அந்தச் சின்ன சுவிட்ச் அணைந்திருந்தது. அப்டேட் அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. பழைய பாதையை அவன் மூடியாயிற்று, புதுப் பாதையில் பேச்சு வருகிற கதவை அப்டேட் மூடியாயிற்று. படம் பறக்கும், பாட்டு பறக்கும், நெட் வழியாகச் செய்தி போகும் வரும். போன் காலும் குறுஞ்செய்தியும் மட்டும் வராது.

திங்கட்கிழமை அவன் வேகத்தைத்தான் அளந்தான். கூப்பிட்டுப் பார்க்கவில்லை. ஊரார் போன் அத்தனைக்கும் மணி அடிக்கிறதா என்று கேட்டவன், சொந்தப் போனுக்குக் கேட்கவில்லை.

பட்டன் போனில் தன் சொந்த எண்ணைப் போட்டான். சட்டைப் பையில் இருந்த போன் அசையவே இல்லை. எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண். அக்காவின் எண்ணைப் போட்டான். விரல் இரண்டு தடவை தப்பான பட்டனில் விழுந்தது. எல்லைக்கு வெளியே.

"என்ன டவர், முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றார் பிளம்பர்.

டவர் தன் போனை எடுத்து, ரகசிய எண் போட்டு, பழைய பாதையைத் திறந்துவிட்டான். சிக்னல் கோடுகள் போய், ஒன்றுமில்லாமல் நின்று, மறுபடி ஒவ்வொன்றாக வந்தன. அவ்வளவுதான், மூன்று நாளாக வெளியே காத்துக்கொண்டு நின்றதெல்லாம் உள்ளே வர ஆரம்பித்தது. தவறிய அழைப்பு, தவறிய அழைப்பு என்று குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி. வங்கி நாலு தடவை. மனைவி ஒரு தடவை. காப்பீடு. அதற்குக் கீழே கடைசியில் 4471 என்று முடிகிற ஒரு எண். லிஸ்ட் மேடத்தின் எண். அவனை எந்தத் தூக்கத்தில் எழுப்பினாலும் அதைச் சொல்லுவான். நேற்று காலை பத்து ஐம்பத்திரண்டு. பதினொன்று மூன்று. பதினொன்று பதினாறு.

மூன்று தடவை.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைக் கூப்பிட்டான். வேறொரு அழைப்பில் இருக்கிறார்கள். மறுபடி கூப்பிட்டான். வேறொரு அழைப்பு. சும்மா ஏதாவது சோதனைக்காகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். விலாசம் சரியா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பார்கள். போன வருஷம்கூட ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டார்கள். ஆனால் விலாசம் கேட்கிறவர்கள் இருபத்துநாலு நிமிஷத்துக்குள் மூன்று தடவை கூப்பிடுவார்களா?

"கடையைக் கொஞ்சம் பாத்துக்கங்க," என்று பிளம்பரிடம் சொன்னான்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"யாரு வந்தாலும் உக்காரச் சொல்லுங்க."

பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன், கல்லாவைக்கூடப் பூட்டாமல் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். வியாழக்கிழமை என்பதால் அக்கா இந்நேரம் அங்கேதான் நாற்காலியில் இருப்பாள். டேட்டாவை ஆன் செய்திருப்பாள். வீடியோ கால் போட்டால் உடனே எடுப்பாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்ன கேட்பான்? நேற்று உனக்கு ஒரு போன் வந்ததா என்றா? வரவில்லை என்று அவள் சொல்லுவாள். வந்திருந்தால் அவள் இன்றைக்கு அந்த நாற்காலியிலேயே இருக்க மாட்டாளே.

இரண்டாவது சிக்னலில் நிற்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. உயிர் போய் உயிர் வந்தது. வண்டியை ஓரமாகக்கூட ஒதுக்காமல் போனை எடுத்தான். "வணக்கம் சார், உங்களுக்காக ஒரு சிறப்புக் கடன் சலுகை," என்றாள் வங்கிப் பெண். பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. டவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "ஐயோ, வேண்டாம்மா, வேண்டாம்மா," என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

லிஸ்ட் மேடத்தின் அறை முதல் மாடியில். கதவில் கண்ணாடி வைத்திருந்தது. உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், இவனைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் மிச்சம் அறுபத்துச் சொச்சம் பேரும் மண்டைக்குள் வந்து நின்றார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வீட்டில் நிறைமாத மனைவியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற வாட்ச்மேன். எத்தனை பேர் அப்டேட்டைப் போட்டார்களோ, அத்தனை பேரையும் மூன்று நாளாக யாரும் கூப்பிட முடியவில்லை. குழுவைத் திறந்து, "கம்பெனி அப்டேட்டில் கோளாறு" என்று எழுதினான். எழுதியதைப் பார்த்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. அழித்தான். "என் தப்பு. அப்டேட் போட்டவங்க யாருக்கும் போன் கால் வராது. சரிபார்க்காம போடச் சொல்லிட்டேன். சரிபண்ற வழி கீழ இருக்கு, இப்பவே பண்ணுங்க. புரியலன்னா கடைக்கு வாங்க," என்று எழுதி, வழியையும் எழுதினான். பொத்தானை அழுத்தி இரண்டு வினாடி ஆகவில்லை, கட்டைவிரல் படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. ஒருவர் நன்றி என்றுகூட எழுதினார்.

"வாங்க," என்றார் மேடம்.

அவர் நல்லவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நேத்து எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்?"

டவர் உட்காராமலே கேட்டான்.

"மேடம், நீங்க கூப்பிட்டது... விலாசம் ஏதாவது கேக்கவா?"

"இல்லங்க. நேத்து காலையில ஒண்ணு வந்துச்சு. நல்ல கிட்னி. உங்க அக்காதான் முதல் ஆள். அவங்களுக்கு மூணு தடவை போட்டேன், உங்களுக்கு மூணு தடவை போட்டேன். அரை மணி நேரத்துக்குமேல இன்னும் பத்து நிமிஷம் பாத்தேன், மேல இருக்கறவங்ககிட்ட திட்டு வாங்கிட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்தவங்க."

"இப்ப... இப்ப ஏதாவது..."

"நேத்து சாயங்காலமே முடிஞ்சிடுச்சுங்க. நல்லபடியா முடிஞ்சிடுச்சு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த காகிதத்தின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. டவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருஷம் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்த போன்.

"பட்டியல்ல பேர் அப்படியேதான் இருக்கு, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்றார் மேடம். "அடுத்தது எப்பன்னு மட்டும் கேக்காதீங்க. அது எனக்கே தெரியாது. இப்ப நான் ஒரு குறிப்பு எழுதணும், ஏன் எடுக்கலன்னு. காரணம் என்ன போடட்டும்?"

காரணம் என்னவென்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் தம்பி என்று போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு போட்டுடறேன்," என்று மேடமே எழுதினார். "நாங்க கூப்பிடறப்ப அப்படித்தான் சொல்லுச்சு. கீழ டயாலிசிஸ்ல இருப்பாங்க இல்ல? நானே போய்ச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"வேண்டாம் மேடம். நான் சொல்றேன்."

படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினான். பதினெட்டுப் படிகள். இப்படியே வாசல் பக்கம் திரும்பிப் போய்விடலாம் என்று பத்தாவது படியில் தோன்றியது. மேடத்தையே சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று கடைசிப் படியில் தோன்றியது. எட்டு ஊசிக்குக் கையை நீட்டியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை அவன்.

டயாலிசிஸ் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரே மாதிரி முனகிக்கொண்டிருந்தன. அக்காவுடையது ஜன்னலோரம். இடது கையில் ஊசிகள், குழாய்கள். வலது கையில் போன், அதில் தொடர், ஒரு திக்கல் திணறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் சலவை செய்த வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"நீ எங்கடா வந்த இந்த நேரத்துல? கடை?" என்றாள் அக்கா. அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. "விஷயம் தெரியுமா உனக்கு? இந்தப் பொண்ணுக்குக் கிடைச்சிடுச்சுடா. நேத்து. நர்ஸ் சொன்னாங்க. பாரு, என்னை நகருங்க நகருங்கன்னு சொல்லிட்டு அவ முந்திக்கிட்டா." சிரித்தாள். "சின்னப் பொண்ணு. நல்லா இருக்கட்டும். ரத்தம் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாதாம்டா, இன்னும் என்னென்னவோ பாப்பாங்களாம். அவளுக்குப் பொருந்தியிருக்கு. எனக்கும் ஒரு நாள் கூப்பிடாமலா போயிடுவாங்க?"

டவர் காலி நாற்காலியைப் பார்த்தான். உட்காரப் போனவன் அதில் உட்காரவில்லை. நின்றபடியே கையை நீட்டினான்.

"போனைக் குடுக்கா."

"ஏன், இன்னும் வேகமா ஆக்கப் போறியா?"

வாங்கிக்கொண்டு ரகசிய எண்ணைப் போட்டான். பழைய பாதையைத் திறந்தான். அந்தச் சின்ன சுவிட்சையும் ஆன் செய்தான். விரல் வியர்த்து வழுக்கியது, சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்த வேண்டியிருந்தது. திருப்பிக் கொடுத்தபோது தொடர் ஒரு முகத்தில் நின்று, சுற்ற ஆரம்பித்தது. தவறிய அழைப்புச் செய்திகள் வந்து விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"என்னடா பண்ணின? நின்னு நின்னு போகுது."

"அக்கா, நேத்து உனக்குத்தான் முதல்ல கூப்பிட்டாங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. சிரிப்பு பாதி முகத்தில் அப்படியே இருந்தது.

"மூணு தடவை உனக்கு. மூணு தடவை எனக்கு. ரெண்டு போனும் அடிக்கல. நான்தான்க்கா. அந்த அப்டேட்டு... நான் மூடி வெச்ச பாதை... கூப்பிட்டுப் பாக்காம போடலாம்னு எழுதிட்டேன்..."

அவள் கையில் இருந்த போன் டிங் என்றது. இன்னொரு டிங். அவள் குனிந்து படித்தாள். எல்லாச் செய்தியையும் ஒன்றுவிடாமல், உதட்டை அசைத்து, பள்ளிக்கூடக் கோப்பைப் படிக்கிற மாதிரி படித்தாள். படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியின் மடிப்புக் கலையாத விரிப்பைப் பார்த்தாள். இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. அடிப்பாள், திட்டுவாள், அழுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் டவர் பயந்துகொண்டு நின்றான். அவள் ஒன்றுமே செய்யாமல் இருந்தது அதையெல்லாம்விடப் பயமாக இருந்தது.

"அக்கா, அந்த சுவிட்ச் இருக்கு பாரு, அது..."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றாள். குரல் காய்ந்து வந்தது. "இப்ப அடிக்குமா?"

"அடிக்கும்."

"கூப்பிடு."

தன் போனை எடுத்துக் கூப்பிட்டான். அவள் கையில் மணி அடித்தது. பன்னிரண்டு நாற்காலி கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை. திரையில் தம்பியின் பெயர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து அடித்து, தானாக ஓய்ந்தது.

"இன்னொரு தடவை."

கூப்பிட்டான். நர்ஸ் ஒருத்தி வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். மணி கடைசி வரை அடித்து ஓய்ந்தது.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை கூப்பிட்டான். கை நடுங்கியதில் போனைக் காதில் நிலையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. இந்தத் தடவை அக்கா எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டு, யாரோ தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, "ஹலோ," என்றாள். அந்தக் குரல் எதிரே நாற்காலியிலிருந்தும் வந்தது, போனுக்குள்ளிருந்தும் வந்தது. அவன் மூச்சு இரைவது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கும்.

"கேக்குது," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.